ஈரத்துணி

மோல்டில் ஒட்டிக்கொண்ட படகைக் கடப்பாரை போட்டு நெம்புகிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் அந்த வேலை செய்தவன் இல்லை. லோரி ஓட்டியவன். பட்டர்வொர்த்திலிருந்து ரெசின் பீப்பாய்களை ஏற்றிவந்து செமிலிங் ஆற்றோரத்துப் பைபர் படகுப் பட்டறையில் இறக்குவது என் வேலை. இறக்கியதும் போய்விடுவேனா என்றால் அதுவும் கிடையாது. ஒரு சிகரெட் முடியும்வரை, சில நாள் நாலு சிகரெட் முடியும்வரை, அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பேன். அதனால் அங்கே யார் வேலைக்காரன், யார் வாய்க்காரன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏசுதாசன் வேலைக்காரன். பரஞ்சோதி வாய்க்காரன். அதனால் பரஞ்சோதிதான் மண்டோர், வேலையாட்களுக்கு மேலாள்.

மோல்டு என்றால் படகின் அச்சு. இருபத்திரண்டு அடி நீளத்துக்குத் தொட்டி மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். வெளிப்பக்கம் சொரசொரப்பும் இரும்புச் சட்டமும். உள்பக்கம் முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை வழவழப்பு. அந்த உள்பக்கத்தில் மெழுகைத் தேய்த்து மினுக்க வேண்டும், மறுபடி தேய்த்து மினுக்க வேண்டும், இப்படி ஏழு தடவை. அதற்கு மேல் பச்சை நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீரைத் தெளித்தால் காய்ந்து மெல்லிய தோல் பிடிக்கும். சாயம், ரெசின், கண்ணாடி நார்ப் பாய் எல்லாம் அந்தத் தோலின் மேல்தான் ஏறும். தோல் முழுசாக இருந்தால் படகு கழன்று வரும். தோல் போன இடத்தில் படகும் மோல்டும் ஒன்றாகிவிடும், அதுவும் புது மோல்டு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் தோல் தண்ணீரில் கரையக்கூடியது. படகைக் கழற்றும்போது இடுக்கில் வெந்நீர் ஊற்றுவதே அதற்காகத்தான்.

ஏசுதாசன் கழற்றுவதைப் பார்க்க வேண்டுமே! இரும்பைக் கிட்டவே சேர்க்க மாட்டான். பால்மரக் கட்டையில் அவனே சீவிய ஆப்புகள், ரப்பர் சுத்தியல், கம்ப்ரஸர் காற்றுக் குழாய், அவ்வளவுதான். அசைந்து கொடுக்காத படகென்றால் தஞ்சோங் டாவாய் மீன் ஜெட்டித் துறையிலிருந்து ஐஸ் கட்டி வரவழைப்பான். படகுக்குள் ஐஸைக் கொட்டி, மோல்டை வெயிலில் விடுவான். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும். "கெஞ்சணும்ணே. அடிச்சா கோவிச்சுக்கும்," என்பான்.

அவன் வீடும் என் வீடும் செமிலிங்கில் அடுத்தடுத்து. சுங்கை லாலாங் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பம். மனைவி அக்னஸுக்கு என் மேல் சொந்த அண்ணன் மாதிரி பாசம். அதைவிட அதிகமாக அதட்டல். ஒரே மகள் ரூத், சுங்கைப்பட்டாணியில் தையல் பாக்டரியில் வேலை. அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தவன் நான்தான். சுங்கைப்பட்டாணி ஜேன் அக்காவின் மகன் கென்னத், ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதும் வேலை, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு பெல்ட் கட்டுகிற பையன். அவர்கள் வீடு கட்டும்போது மணல் ஏற்றிய பழக்கம் எனக்கு. நான் சாமி கும்பிடுகிறவன், அவர்கள் வேதக்காரர்கள். அதனால் என்ன, நல்ல காரியம்தானே என்று நடையாய் நடந்து முடித்தேன்.

வேதக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் பூசையில் அறிவிப்பார். எண்பத்திரண்டு அக்டோபர் கடைசியில் ரூத்துக்கும் கென்னத்துக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். அக்னஸ் அன்று வீட்டுக்கு வந்து எனக்குக் கோழி பிரட்டல் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரத்திலேதான் ஆயுத பூஜை. பட்டறையில் புது மோல்டு. ஏசுதாசன் ஏழு தடவை மெழுகு போட்டு, தோல் மருந்தும் தெளித்து, மூன்று மணிக்கே கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். பூஜை ஐந்து மணிக்கு. நான் பீப்பாய் இறக்கிவிட்டுச் சுண்டலுக்காக நின்றேன், பொய் சொல்வானேன். பரஞ்சோதி குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து கம்ப்ரஸர், ரம்பம், என் லோரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தான். மோல்டின் வெளிப்பக்கம் சொரசொரப்பு, பொட்டு நிற்காது. அதனால் உள்ளே குனிந்து, படகின் மூக்கு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் கட்டை விரலால் அப்பினான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஏசுதாசன் படகை வார்த்தான். நாலாம் நாள் படகு கழலவில்லை. முக்கால்வாசி விட்டுக் கொடுத்தது, மூக்கு மட்டும் பிடித்துக்கொண்டது. "ஐஸ் வாங்கியாங்க, வெயில் வரட்டும், ரெண்டு நாள் குடுங்க," என்று ஏசுதாசன் கேட்டான். பரஞ்சோதி கேட்கவில்லை. கடப்பாரையை விட்டு நெம்பினான். சங்கிலிக் கப்பி மாட்டி இழுத்தான். மோல்டின் விளிம்பு வெடித்தது, மூக்கில் இரண்டு இடத்தில் மோல்டே பிய்ந்து படகோடு வந்தது, கொக்கி நழுவி ஏசுதாசனின் இடது கையில் அடித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அவன் கட்டுப் போட்ட கையோடு படுத்திருக்க, பரஞ்சோதி கோப்பிக் கடையில் உட்கார்ந்து கதை சொன்னான். ஏசுதாசன் மெழுகே போடவில்லையாம். மெழுகு டின்களைத் திருடி சுங்கைப்பட்டாணியில் காடி, அதாவது கார், கழுவுகிறவர்களிடம் விற்றுவிட்டானாம். பாவி! அந்த மனுஷன் பட்டறை ஆணி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. பட்டறை முதலாளி தவுக்கே அவனை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

பேச்சு ஜேன் அக்கா காதுக்குப் போயிற்று. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "பழனியாண்டி, நீங்க அந்தப் பட்டறைக்குப் போறவரு. அந்த ஆளு திருடுனாரா, இல்லையா?" என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வேன்? எனக்கு அந்தப் பட்டறை வேண்டும், பரஞ்சோதி கையெழுத்துப் போட்டால்தான் என் பீப்பாய் இறங்கும். "எனக்குத் தெரியாதுக்கா, நான் லோரிக்காரன்," என்றேன். இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. ஓலை வேண்டாமாம் என்கிற சேதியை ஏசுதாசன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னவனும் நான்தான்.

முதல் ஓலையோடு நின்றுபோன பெண் என்றால் அந்த ஜனத்தில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். அக்னஸ் ஒரு ஞாயிறு கூடப் பூசைக்குப் போகாமல் இருக்கவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, மற்றவர் பிள்ளைகளின் ஓலையையெல்லாம் கேட்டுவிட்டு வருவாள். "நான் எதுக்கு ஒளியணும்? திருடுனவளா நானு?" என்பாள். ஏசுதாசன் எட்டு விரலோடு திரும்பவும் சுங்கை லாலாங்கில் பால் வெட்டப் போனான். ரூத் பாக்டரிக்குப் போனாள், வந்தாள், பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் போயிற்று. மறுபடி ஆயுத பூஜை முடிந்து, மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், பட்டறையிலிருந்து நேராக ஏசுதாசன் வீட்டுக்குப் போனேன். அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் இருந்தன. அக்னஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஏசு, சேதி தெரியுமா? பட்டறையில படகு ஒட்டிக்கிச்சு. புது மோல்டு, இருவத்தெட்டு அடி. முப்பது படகுக்கு ஓர்டராம், மொதப் படகு வர்ற புதன்கெழம குடுத்தாவணுமாம். தவுக்கே ஆளு பாதியாயிட்டாரு."

அக்னஸ் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். "ஆண்டவரே, இன்னுங் கொஞ்சம் பெலமா ஒட்ட வைங்க."

"யாரு மெழுகு போட்டது?" என்றான் ஏசுதாசன்.

"பிச்சை. ஒன் எடத்துக்கு வந்தானே, அவன்தான். பாவம், அழுவுறான். ஏழு கோட்டு போட்டேண்ணேன்னு நெஞ்சுல அடிச்சிக்கிறான். பொட்டு வச்சுக் கும்புட்டுத்தானே ஆரம்பிச்சேன், எனக்கு ஏன் இப்புடின்னு கேக்குறான்."

"என்னா பொட்டு?"

"ஆயுத பூசைப் பொட்டுதான். மண்டோரு மோல்டுல மட்டும் வைக்காதன்னாராம். ஏன்னு கேட்டா வாயத் தெறக்கலியாம். என்னாடா இது, இருக்குறதுலயே பெரிய ஆயுதத்துக்குப் பொட்டு இல்லாம என்னா பூசைன்னு, அவரு போனப்புறம் இவன் வச்சிருக்கான்."

"எங்க வச்சான்?"

"மூக்குல, ரெண்டு பக்கமும். போன வருசம் பரஞ்சோதி வச்ச மாரியே."

கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்த ஏசுதாசனின் கை நின்றுவிட்டது.

"போன வருசம் மண்டோரு பொட்டு வச்சாரா? மோல்டு உள்ளயா?"

"ஆமாப்பா. நான்தான் பக்கத்துல நின்னேனே, சுண்டல் தின்னுக்கிட்டு."

"மறுநாள் காலையில நான் வந்தப்ப பொட்டு இல்லண்ணே."

"தொடச்சிருப்பாரு. வேல ஆரம்பிக்கணுமில்ல."

"எதால தொடச்சாரு?"

"அது எனக்கு எப்புடித் தெரியும்?"

"பிச்சை எதால தொடச்சானாம்?"

"ஈரத்துணியாலதான். காஞ்ச சந்தனம் சும்மா வருமா? நல்லா அழுத்தித் தொடச்சேண்ணேன்னு அவனே சொன்னான்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு வருஷமாக அந்தச் சுண்டலை நினைத்தேன், அந்தப் பொட்டை நினைக்கவில்லை பாருங்கள்!

"அந்தத் தோலுக்குத் தண்ணி ஆவாதுண்ணே," என்றான் ஏசுதாசன். அவன் குரல் உயரவே இல்லை. "ஈரம் பட்டா கரைஞ்சு போயிரும். சந்தனத்த அழுத்தித் தேச்சா மெழுகும் போயிரும். போன வருசம் பிஞ்ச எடம் எது? மூக்கு. ரெண்டு பக்கமும்."

அக்னஸ் எழுந்து நின்றாள். "அப்ப அந்தாளுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் பிச்சைய வைக்காதன்னு சொல்லியிருக்கான். ஏன்னு கேட்டா, இவரு மேல போட்ட பழி வெளிய வந்துருமேன்னு வாய மூடிக்கிட்டான்!" அவள் மூலையிலிருந்த பாராங் கத்தியை எடுத்துவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவளைத் தடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"வச்சிரு," என்றான் ஏசுதாசன். "நீ போவ வேணாம். அவரே வருவாரு."

"எதுக்கு வருவாரு?"

"திரும்ப இரும்பு போட்டா இந்த மோல்டும் போச்சு. தவுக்கேக்கு அது தெரியும். என்னையத்தான் கூட்டியாரச் சொல்லுவாரு."

சொன்ன மாதிரியே மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் பரஞ்சோதி வந்தான். மழையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கையில் இரண்டு சீப்பு வாழைப்பழம். நான் வேலைக்குப் போகவில்லை. லோரியில் கோளாறு என்று சொல்லிவிட்டு ஏசுதாசன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

அக்னஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, பசியாறியாச்சா? ஏசு இருக்கானா?"

"தங்கச்சியா? போன வருசம் திருடன் பொண்டாட்டி, இந்த வருசம் தங்கச்சியா? நல்லாருக்கே கதை."

"பழசப் பேசி என்னா லா... தவுக்கே அனுப்பிச்சாரு. ஒரு படகு கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. ஏசு வந்தா ஒரு நாள்ல கழட்டிருவான்."

"எங்க ஒட்டிக்கிச்சு?"

"பட்டறையிலதான்."

"பட்டறை தெரியும். படகுல எந்த எடத்துல ஒட்டிக்கிச்சு மண்டோரே?"

பரஞ்சோதி என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

"மூக்குல," என்றான்.

"எத்தன எடம்?"

கூரைத் தண்ணீர் அவன் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை.

"நான் சொல்லட்டுமா? ரெண்டு எடம். பொட்டு வச்ச எடம். தொடச்ச எடம்."

அவன் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "தெரிஞ்சு செய்யல தங்கச்சி. சாமிக்குன்னு வச்சேன். காலையில தவுக்கே அழுக்குன்னு திட்டுவாரேன்னு தொடச்சேன். பிஞ்சு வந்தப்பதான் எனக்கே வெளங்குச்சு."

ஏசுதாசன் உள்ளேயிருந்து வந்தான். "சாமிக்கு வச்சது தப்பில்ல மண்டோரே. தொடச்சதும் தெரியாமத்தான். வெளங்குன அன்னிக்கே ஏன் சொல்லல?"

"வேல போயிரும்னு பயம். எனக்கும் நாலு புள்ளைங்க."

"சரி, பயம். மெழுகு போடலன்னு சொன்னீங்க. திருடன்னு ஏன் சொன்னீங்க?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டான். "மெழுகு போடலன்னு சொன்னேன், தவுக்கே நம்பல. ஏசு அப்புடிச் செய்ய மாட்டானேன்னாரு. அதுக்கப்புறந்தான்... டின்ன வித்துட்டான்னு சொன்னேன்."

அடப்பாவி! ஒருவன் நல்லவன் என்று தெரிந்ததால் அவனைத் திருடனாக்க வேண்டியிருந்ததாம். இதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்னஸ் மட்டும் அமைதியாகிவிட்டாள். கத்தியை எடுத்தபோதுகூட நான் பயப்படவில்லை, அப்போது பயந்தேன்.

"ஞாயித்துக்கெழம எட்டு மணிப் பூச. முடிஞ்சு சனம் வெளிய வரும். மாதா கோயில் படியில வந்து நில்லுங்க. பொட்டு, துணி, டின்னு, ஒண்ணு விடாம சொல்லுங்க."

"தவுக்கேகிட்ட தனியா சொல்லிர்றேன் தங்கச்சி. இவன் காலுல கூட வுழுறேன்."

"எம்புருசன தனியாவா திருடன்னு சொன்னீங்க? கோப்பிக் கடையில சொன்னீங்க, பாசார்ல சொன்னீங்க. எம்மக ஓலைய எங்க நிறுத்துனீங்களோ அங்க வந்து சொல்லணும். மொதல்ல அது. திங்கக்கெழம இவரு வருவாரு. ஞாயித்துக்கெழம நீங்க வரலன்னா, படகையும் மோல்டையும் சேத்துக் கட்டி ஆத்துல வுட்டுக்குங்க."

"படகு கழல வேணாமா ஏசு? நீயாச்சும் சொல்லு."

"அவ சொல்லிட்டா," என்றான் ஏசுதாசன்.

வாழைப்பழத்தை அக்னஸ் அவன் மோட்டார் கூடையில் திரும்ப வைத்தாள்.

அவன் வந்தான். வராமல் எங்கே போவான்? வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஜனம் வெளியே வர வர, படிக்கட்டின் ஓரத்தில் நின்று கையைப் பிசைந்தான். ஜேன் அக்கா குடையை விரித்துக்கொண்டு போகப் பார்த்தார்கள், அக்னஸ் வழியை மறித்தாள். பரஞ்சோதி சொன்னான். பாதி காற்றில் போயிற்று. இன்னொரு வாட்டி என்றாள் அக்னஸ். சொன்னான். ஏசுதாசன் ஒன்றையும் திருடவில்லை, தப்பு என்னுடையது, பொய் என்னுடையது. மூன்றாவது வாட்டி சொல்லச் சொன்னாள். "மூணு ஓலைக்கும் மூணு வாட்டி," என்றாள். மூன்றாவது தடவை அவன் அழுதுகொண்டே சொன்னான். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "போதும் அக்னஸ்" என்றாள். அக்னஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு அவன் மேல் இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. வயிறு குளிர்ந்தது.

திங்கட்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. மோல்டை உருட்டி வெளியே தள்ளினார்கள். மீன் ஜெட்டியிலிருந்து என் லோரியில்தான் ஐஸ் வந்தது, வைக்கோலும் மீன் நாற்றமுமாக. ஏசுதாசன் மெதுவாகச் சுற்றி வந்தான். விளிம்பெல்லாம் மர ஆப்பு வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு தட்டு, அடுத்ததை ஒரு தட்டு. இடுக்கில் வெந்நீர். காற்றுக் குழாயைச் சொருகி, நிறுத்தி, மறுபடி சொருகி. பின்பக்கம் மூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பியது. மூக்கு அசையவில்லை.

"ஐஸ மூக்குல வச்சு அழுத்திப் புடிக்கணும்," என்றான். பிச்சை ஓடினான். "நீ இல்ல. மண்டோரு."

பரஞ்சோதி படகுக்குள் இறங்கி ஐஸ் கட்டியை இரண்டு கையாலும் மூக்கில் வைத்து அழுத்தினான். சாக்கு கேட்டான், சாக்கு இருந்தால் குளிர் இறங்காது என்றான் ஏசுதாசன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. ஏசுதாசன் வெளியே நின்று ரப்பர் சுத்தியலால் தட்டினான். அவசரமே இல்லை. நடுவில் தண்ணீர் குடித்தான்.

"வெரலு மரத்துப் போச்சு ஏசு."

"மரத்துப் போறது நல்லது. வலிக்காது."

"ஏசு..."

"புடிங்க மண்டோரே. நான் சொல்ற வரைக்கும் புடிங்க."

தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம். பரஞ்சோதியின் விரலெல்லாம் வெளுத்து, உதடு துடித்தது. அப்புறம் உள்ளே பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம், இன்னொரு சத்தம். படகு விட்டது.

ஆறு பேர் சேர்ந்து தூக்கிக் கவிழ்த்தார்கள். மூக்கில் இரண்டே இரண்டு வடு, உள்ளங்கை அகலம், மற்ற இடமெல்லாம் கண்ணாடி. மோல்டில் கீறல் இல்லை. ஒரு மணி நேரம் பூசித் தேய்த்தால் தீர்ந்தது. ஏசுதாசன் தவுக்கேயைப் பழைய மோல்டுக்குக் கூட்டிப்போய், போன வருஷம் ஒட்டுப் போட்ட இரண்டு இடத்தையும் காட்டினான். தவுக்கே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏசு, லு மண்டோர் ஜாடி லா," என்றார், நீயே மண்டோராக இரு என்று. ஏசுதாசன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். "இது எங்க போச்சுன்னு தெனமும் பாத்துக்கிட்டு வேல செய்ய முடியாது தவுக்கே." ஆப்புகளைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு என் லோரியில் ஏறினான். பரஞ்சோதி அந்த மாதமே பாலிங் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஜேன் அக்கா வந்தார்கள். கென்னத்தும் வந்தான், புதுச் சட்டை, அதே பெல்ட். தட்டில் சேலை, பழம், கேக். வழி காட்ட என்னையும் கூட்டிக்கொண்டார்கள், எனக்கும் பெருமைதான். அக்னஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வடை சுட்டாள், கோப்பி கலக்கினாள், அடுப்படிக்கும் முன்வீட்டுக்கும் பறந்தாள். ஒரு வருஷமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நடந்தத மனசுல வச்சிக்காதீங்க அக்னஸ்," என்றார்கள் ஜேன் அக்கா. "நாங்க என்னா செய்வோம், ஊரு அப்புடிப் பேசுச்சு. பாதர்கிட்டப் பேசிட்டேன். வர்ற ஞாயிறே திரும்ப ஓலை வாசிக்கலாம்னாரு. கிறிஸ்மஸ் நோம்பு, அட்வெண்டுக்கு முந்தி முடிச்சிருவோம்."

"எல்லாம் ஆண்டவரு செயல்," என்றாள் அக்னஸ். கண்ணில் தண்ணீர். "ரூத்து, வாம்மா, கோப்பி குடு."

ரூத் வந்தாள். கோப்பியை எல்லாருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கென்னத், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு லா."

"இந்த ஒரு வருசத்துல ஒரு வாட்டி வந்து எங்கப்பா கையப் பாத்தீங்களா? அங்கிள், நெசமான்னு ஒரு வாட்டி கேட்டீங்களா? என் பாக்டரி ஒங்க ஆப்பீஸுக்குப் பின்னாலதான் இருக்கு."

கென்னத் அம்மாவைப் பார்த்தான். "அம்மா போவ வேணாம்னாங்க."

"இப்ப அம்மா போவலாம்னாங்க, வந்துட்டீங்க."

"ரூத்து!" என்றாள் அக்னஸ்.

"அம்மா, நீங்க பரஞ்சோதி மாமாவப் படியில நிறுத்தி மூணு வாட்டி சொல்ல வச்சீங்க. அவரு பொய் சொன்னாரு. இவங்க எதுவுஞ் சொல்லாமயே எங்கப்பாவத் திருடனாக்குனாங்க. இவங்கள எங்க நிறுத்துவீங்க?" அவள் ஜேன் அக்காவைப் பார்த்தாள். "ஆன்ட்டி, கோப்பி குடிச்சிட்டுப் போங்க. ஓலை வேணாம்."

அக்னஸ் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் அவள் அத்தனையும் செய்தாள். ஏசுதாசனைப் பார்த்தாள், நீயாவது சொல் என்று. அவன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜேன் அக்கா முகம் சிவந்து எழுந்தார்கள். "எங்களுக்குப் பொண்ணு கெடைக்காதாக்கும்," என்றார்கள். கென்னத் முன்னாலேயே காடிக்குப் போய்விட்டான்.

நான் ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "ரூத்தும்மா, மாமா சொல்றதக் கேளு. கோவத்துல..."

"நீங்க சொல்றதக் கேக்கத்தான் மாமா ஒரு வருசமா இருக்கேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி வீட்டுல கூப்புட்டு ஒங்களக் கேட்டாங்களாமே, பாக்டரியில சொன்னாங்க. பக்கத்து வூடு, தெனமும் எங்க வூட்டுச் சோறு. எங்கப்பா திருடுனாரா இல்லையான்னு கேட்டதுக்கு என்னா சொன்னீங்க?"

அக்னஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது. ஏசுதாசனுக்கும் தெரியாது. ஓலை வேண்டாமாம் என்று சேதி கொண்டுவந்தேனே தவிர, நான் சொன்ன பதிலை நான் கொண்டுவரவில்லை.

பரஞ்சோதியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கோயில் படியில் அவன் அழுததைப் பார்த்து வயிறு குளிர்ந்தேன். ஐஸில் அவன் விரல் வெளுத்ததைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். என்னை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாதுன்னு சொன்னேன்," என்றேன்.

"தெரியுமா மாமா, தெரியாதா?"

"தெரியும். உங்கப்பா திருடல."

ரூத் தலையசைத்தாள். சேலைத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அன்னிக்கு நீங்கதானே சேதி கொண்டாந்தீங்க. இதையும் நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க."

காடிக்குள் ஜேன் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். தட்டை மடியில் வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை. பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தபோது ஏசுதாசன் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மூன்று பேரும் அதே இடத்தில் இருந்தார்கள். வாசல்வரை போய் நின்றேன். ஒருவரும் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை.